ஒரே டிஸ்க், இரண்டு சர்வர்: பகிர்வில் நேரும் தவறுகள்

பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் அம்பாறை மாவட்டத்தில் நெல் வாங்கும் இடங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. அப்படியான ஓர் அலுவலகத்தில், நிறுவைச் சிட்டைகளை ஸ்கேன் செய்து சேமிக்கும் மென்பொருளை இரண்டு சர்வர்களில் ஓடவிட்டிருந்தார்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கட்டும் என்பது நோக்கம். இரண்டுக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டியிலிருந்த டிஸ்க்கை, லினக்ஸில் கோப்புகளை அடுக்கிவைக்கும் வழக்கமான முறையான எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்து, இரு சர்வர்களிலும் ஒரே நேரத்தில் மவுண்ட் செய்துவிட்டார்கள், அதாவது பயன்பாட்டுக்கு இணைத்துவிட்டார்கள்.

இதைவிடக் கொடிய தவறு இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை. டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நம்பித்தான் எக்ஸ்ட்4 வேலை செய்கிறது. எந்த இடம் காலி என்ற கணக்கை ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்தில் தனியே வைத்திருக்கும். ஆகவே ஒரே காலி இடத்தில் இரண்டும் எழுதும். முதல் நாள் எந்தப் பிழைச் செய்தியும் வராது. சில நாள் கழித்து ஒரு விவசாயியின் சிட்டையைத் திறந்தால் பாதிக்குமேல் வேறொருவருடையது இருக்கும். காகிதச் சிட்டைகளை எறியாமல் வைத்திருந்ததால்தான் அந்த அலுவலகம் தப்பியது.

டிஸ்க்கையே பகிர வேண்டுமென்றால் பல சர்வர்கள் ஒரே டிஸ்க்கில் எழுதவென்றே செய்யப்பட்ட ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற முறைகள் வேண்டும். அவை எழுதுமுன் மற்ற சர்வரிடம் பூட்டு வாங்கும். தொடர்பு அறுந்து, இரண்டும் "மற்றது செத்துவிட்டது" என்று முடிவுகட்டினால், ஒன்றை, மின்சாரத்தை வெட்டியோ வேறு வழியிலோ, ஒதுக்கும் ஏற்பாடும் கட்டாயம். சிறிய அலுவலகத்துக்கு இவ்வளவு வேண்டாம் என்பேன். டிஸ்க்கை ஒரு சர்வரிடம் மட்டும் கொடுத்து, கோப்புகளை வலையமைப்பு வழியாகப் பகிரும் என்எஃப்எஸ் மூலம் மற்றவற்றுக்குப் பகிருங்கள். அது விழுந்தால் எல்லாம் நிற்கும், உண்மைதான். ஆனால் நின்ற வேலையை மீண்டும் தொடங்கலாம், கலந்துபோன தரவைப் பிரிக்க முடியாது.

என்எஃப்எஸ்ஸிலும் குழிகள் உண்டு. கார்த்திகை மழையில் மின்சாரம் போய்வரும்போது எல்லா சர்வர்களும் ஒன்றாக எழும்பும். பகிரும் சர்வர் பிந்தினால் மவுண்ட் நடக்காமல் போகலாம். மென்பொருளோ அதை அறியாமல், பகிர்வு வந்து இணையவேண்டிய காலி அடைவிலேயே (ஃபோல்டரிலேயே), தன் சொந்த டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும். பின்னர் மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அடியில் மறைந்துவிடும். மவுண்ட் ஆன பிறகே மென்பொருள் தொடங்கும்படி, லினக்ஸில் எது எப்போது தொடங்கும் என்பதை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் கட்டிவையுங்கள்.

எழுதும் பகிர்வுகளை மவுண்ட் செய்யும்போது 'சாஃப்ட்' என்ற தெரிவு கூடாது. பகிரும் சர்வர் பதில் தராமல் நேரம் கடந்ததும் அது கைவிட்டுவிடும், கோப்பு பாதியில் நிற்கும். பயனர் எண்களும் எல்லா சர்வர்களிலும் ஒன்றாக இருக்கட்டும். வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பு பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கும். ஒன்றில் காசாளருக்குரிய 1001 மற்றதில் வேறொருவருக்கு இருந்தால், காசாளரின் கோப்புகள் அந்த மற்றவரின் கைக்குப் போய்விடும்.