மாட்யூல் சிக்கலை அவிழ்க்க எஸ்சிசிமேப் கமாண்ட்

ப்ராஜெக்ட் கொஞ்சம் பெரிதானதும் பில் மாட்யூல் வரி (டாக்ஸ்) மாட்யூலை இம்போர்ட் செய்யும், வரி சரக்கை இம்போர்ட் செய்யும், சரக்கு போய் மறுபடி பில்லிடமே நிற்கும். எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்று வரிசைப்படுத்தும் டீசார்ட் (tsort) கமாண்டும் இந்தச் சுற்றைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் ஒவ்வொரு சுற்றாகத்தான் சொல்லும். நாலைந்து சுற்றுகள் பின்னிக் கிடந்தால் முழு முடிச்சையும் ஒரே தடவையில் பார்க்க எஸ்சிசிமேப்தான் (sccmap) சரி. கிராஃப் வரையும் மென்பொருளான கிராஃப்விஸ் இன்ஸ்டால் செய்தாலே கூடவே வந்துவிடும்.

முதலில் யார் யாரை இம்போர்ட் செய்கிறார்கள் என்று, கிராஃப்விஸ் படிக்கிற டாட் வடிவத்தில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுதுங்கள்:

பில் -> வரி;
வரி -> சரக்கு;
சரக்கு -> பில்;
சரக்கு -> பதிவு;

டைகிராஃப் (digraph) என்ற சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் போட்டு, இந்த வரிகளை அதன் பின்னால் நெளிவு அடைப்புக்குள் வையுங்கள். பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் போதும்.

அப்புறம் டெர்மினலில் எஸ்சிசிமேப் என்று அடித்து, ஃபைல் பெயரைக் கொடுங்கள். 4 நோடு (மாட்யூல்கள்), 4 எட்ஜ் (அம்புக்குறிகள்), 1 கூட்டம் என்று வரும். கூட்டம் என்றால், அதற்குள் எந்த நோடிலிருந்து கிளம்பினாலும் அம்புக்குறி வழியாகவே மற்ற எல்லாவற்றுக்கும் போய்த் திரும்பி வர முடிய வேண்டும். இங்கே அது பில், வரி, சரக்கு. ஒவ்வொரு பாதையையும் கடைசிவரை போய்ப் பார்க்கிற ஆழத்தேடல் ஒன்றிலேயே இதைப் பிரித்துவிடலாம் என்று கணினி அறிவியலாளர் ராபர்ட் டார்ஜன் 1972-லேயே காட்டிவிட்டார், அதனால் பெரிய கிராஃபுக்கும் பயப்பட வேண்டாம்.

பதிவு எங்கே போனது? பலரும் தடுமாறுகிற இடம் இதுதான். எந்தச் சுற்றிலும் சேராமல் தனியாக நிற்கும் நோடுகளை இந்தக் கமாண்ட் தானாகவே கழித்துவிடும். சுற்றைத் தேடும்போது அது வசதி, ஆனால் கூட்டங்களுக்கு இடையே எது எதை நம்பியிருக்கிறது என்ற வரைபடம் வேண்டுமானால் அது பாதிதான் வரும். அப்போது கட்டாயம் மைனஸ் டி (-d) சேருங்கள், எண்ணிக்கை 2 ஆகும், கடைசியில் வருகிற வரைபடத்தில் பதிவும் இருக்கும்.

வெறும் எண்ணிக்கை போதுமென்றால் மைனஸ் சின்ன எஸ், கிராஃப் மட்டும் போதுமென்றால் மைனஸ் பெரிய எஸ். எண்ணிக்கை தனியாகப் பிழை வெளியீட்டில் (stderr) போவதால், கிராஃபை நேராகப் படம் வரையும் டாட் கமாண்டுக்குப் பைப் செய்தாலும் கலக்காது. ஆனால் பல கிராஃப்கள் வரிசையாக வரும், அதனால் டாட்டுக்குப் பட வடிவத்தையும் (-Tpng) மைனஸ் பெரிய ஓ-வையும் கொடுத்தால் ஒவ்வொன்றும் தனிப் படமாக விழும்.

படத்தைப் பார்த்து ஒரு அம்பை வெட்டுங்கள், இங்கே நான் சரக்கு -> பில் வரியைத்தான் வெட்டுவேன், சரக்குக் கணக்குக்கு பில்லைப் பற்றித் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பிறகு மைனஸ் டி இல்லாமல் மறுபடி ஓட்டுங்கள், கூட்டம் 0 என்று வரும்வரை.