மருந்தியல் ஆய்வைத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முனைவர் பட்ட ஆய்வுக்காக விலங்குக் கூடத்துக்குள் புதிதாக வருபவர்கள், முன்னே வந்தவர்கள் இடறிய அதே இடங்களில் இடறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி, தராசின் துல்லியம் ஆகியவற்றை எல்லோரும் சொல்லிக்கொடுப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கைக்கு வந்தபடி குழு பிரித்தல்

மூலிகைச் சாறு வீக்கத்தைக் குறைக்கிறதா என்றறிய, எலியின் பின்னங்கால் பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கும் கேரஜீனன் என்ற பொருளின் 1 விழுக்காடு கரைசலை 0.1 மில்லிலிட்டர் செலுத்தி, 3 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளப்பார்கள். பல மாணவர்கள் முதலில் அகப்படும் எலிகளைச் சாறு பெறாத கட்டுப்பாட்டுக் குழுவாக்கி, காலையிலேயே ஊசி போட்டு முடித்துவிட்டு, சாறு பெறும் குழுவைப் பிற்பகலில் எடுக்கிறார்கள். ஓடாமல் அகப்படும் எலி சோர்ந்ததாகவோ நோயுற்றதாகவோ இருக்கக்கூடும் என்பது ஒருபுறமிருக்க, நேர வேறுபாடு அதைவிடப் பெரிய கேடு. எலி இரவில் இயங்கும் விலங்கு. வீக்கத்தை இயல்பாகவே அடக்கும் கார்ட்டிகோஸ்டீரோன் என்ற சுரப்பு அதன் இரத்தத்தில் காலையில் குறைந்திருந்து, விளக்கணையும் நேரத்தை ஒட்டி உச்சத்தை எட்டும். ஆகவே பிற்பகல் குழுவில் வீக்கம் குறைந்தால், அது சாற்றின் வேலையா, எலியின் சொந்தச் சுரப்பின் வேலையா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்படிக் கிடைத்த அழகான வரைபடத்தை நம்பி ஓர் ஆய்வகத்தில் ஆய்வேடே எழுதப்பட்டது. அடுத்து வந்த மாணவி எல்லாக் குழுக்களுக்கும் கலந்து ஊசி போட்டபோது விளைவு தென்படவில்லை. இலை சரியில்லையோ என்று அவர் செடியை மாற்றி மாற்றிப் பார்த்தே மாதங்களை இழந்தார். அத்தனை எலிகளும் வீணாக மாண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

எடை பார்த்தபின் சீட்டுக் குலுக்கிக் குழு பிரியுங்கள். ஊசியையும் குழுக்களைக் கலந்தே போடுங்கள். கணுக்காலில் மையால் இட்ட கோடுவரை பாதத்தை, அதன் கனஅளவைக் காட்டும் ப்ளெதிஸ்மோமீட்டர் கருவியில் அமிழ்த்தும்போது மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் அளவு மாறும் என்பதால், எந்த எலி எந்தக் குழு என்று அறியாதவரே அளக்க வேண்டும்.

கரைப்பானை மறத்தல்

சாற்றைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானுக்கே வீக்கத்தைக் குறைக்கும் தன்மை உண்டு. அதை மட்டும் பெறும் குழு கட்டாயம்.

மனிதருக்கான அளவைக் கணக்கிடாமை

எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்பது, எடையால் நேரடியாகப் பெருக்காமல் உடற்பரப்பை வைத்துப் போடும் கணக்கில் 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு ஏறத்தாழ 4 கிராம் சாறு. இலையில் பத்தில் ஒரு பங்கு சாறு கிடைத்தால், ஒரு வேளைக்கு 40 கிராம் உலர்ந்த இலை. இதை எழுதிப் பார்த்த பிறகே அளவை முடிவுசெய்யுங்கள்.

பாதகமான முடிவைப் பதுக்குதல்

மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக்கின் குழு உருவாக்கிய இதயநோய் மருந்தான ப்ரொனெத்தலோல் சுண்டெலிகளில் புற்றுக்கட்டியை உண்டாக்கியது. அந்த முடிவு மூடி மறைக்கப்படாததால்தான் அதன் இடத்துக்கு ப்ரொப்ரனலோல் வந்தது. பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றதற்கு அந்த மருந்தும் ஒரு காரணம்.