லினக்ஸில சொந்தமா ரூட் சேர்ட்டிபிக்கேற் போடேக்க விடக்கூடாத பிழையள்

திருநெல்வேலிப் பக்கம் புதுசா வேலைக்கு வாற பெடியளைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன், ஆர் வந்தாலும் இதே பிழையளைத்தான் விடுகினம். ரூட் சேர்ட்டிபிக்கேற் எண்டது, எந்த வெப்சைற்றின்ர சேர்ட்டிபிக்கேற்றை நம்பலாமெண்டு கொம்பியூட்டருக்குச் சொல்லுற தாய்ச் சேர்ட்டிபிக்கேற். சூடோ (அட்மின் உரிமையோட கட்டளை ஓட்டுறது) போட மறந்தது, கொம்பியூட்டர் நேரம் பிழைச்சது எல்லாம் தானா பிடிபடும், அதை விடுவம்.

டொட் பெம் எண்டு பேர் வைக்கிறது

உபுண்டுவில யூஎஸ்ஆர், லோக்கல், ஷேர் எண்டு போய் சிஏ-சேர்ட்டிபிக்கேற்ஸ் போல்டருக்குள்ள சேர்ட்டிபிக்கேற் பைலைப் போட்டு அப்டேற்-சிஏ-சேர்ட்டிபிக்கேற்ஸ் எண்ட கட்டளையை ஓட்டுவியள், ஆனா பேர் டொட் சிஆர்டி எண்டு முடியாட்டி அது கண்டுகொள்ளாது, எரரும் சொல்லாது. "0 ஆடெட்" எண்டு வந்தா முதல்ல பேரைப் பாருங்கோ.

ரூட் கீயையும் சேர்த்து அனுப்புறது

இதை நினைச்சா இப்பவும் விசர்தான் வருது. எம்கேசேர்ட் எண்டது சொந்தமா ரூட்டும் சேர்ட்டிபிக்கேற்றும் செய்து தாற சின்ன புரோகிராம். அது ஒருத்தன்ர லப்டொப்பில வடிவா வேலை செய்ய, அவன் ரூட் கிடக்கிற போல்டரை அப்பிடியே சிப் பண்ணி வாட்ஸப் குறூப்பில போட்டுட்டான், "எல்லாரும் இதையே போடுங்கோ, சரிவரும்" எண்டு. சரிவந்திட்டுது, அதுதான் பிரச்சினை. உள்ள கிடக்கிறது ரெண்டு பைல். ரூட்சிஏ டொட் பெம்மை ஆருக்கும் குடுக்கலாம். மற்றது ரூட்சிஏ-கீ, புதுச் சேர்ட்டிபிக்கேற்றில கையெழுத்து வைக்கிற ரகசியச் சாவி, அது விதானையாரின்ர (கிராம அலுவலரின்ர) சீல் மாதிரி, கையில வைச்சிருக்கிறவன் ஆற்ற பேரிலயும் கடிதம் அடிப்பான். உங்கட பாங்கின்ர பேரில சேர்ட்டிபிக்கேற் செய்துகொண்டு அதே வைபையில நடுவில குந்தினான் எண்டா, அந்த ரூட்டை நம்புற பிரவுசர் ஒரு வோணிங்கும் காட்டாது. எம்கேசேர்ட் ரூட்டுக்கு 10 வருச ஆயுள் வேற, இடையில ரத்துச் செய்யிறதுக்கும் ஆரும் இல்லை.

கேட்டா, "மெசேஜை டிலீட் பண்ணிட்டன் அண்ணை" எண்டான். தம்பி, டவுன்லோட் பண்ணினவையின்ர போனில இருந்து ஆர் எடுக்கிறது? எல்லாற்ற மெஷினிலயும் பழைய ரூட்டைக் கழட்ட வேண்டி வந்தது, பைலை அழிச்சு அப்டேற் கட்டளையை ஃபிரெஷ் ஒப்ஷனோட ஓட்டினம், பிறகு பாத்தா ஒரு பிள்ளையின்ர பயர்பொக்ஸுக்குள்ள அது அப்பிடியே கிடக்குது. பேசாம ஒவ்வொருத்தரும் தங்கட மெஷினில எம்கேசேர்ட் இன்ஸ்டோல் குடுத்தாலே ஒரு நிமிச வேலை. கோட் சேமிக்கிற கிட்டுக்குள்ளயும் அந்தக் கீ போகக்கூடாது, போனா கொமிட்டை அழிச்சாலும் அது போனதுதான்.

எம்கேசேர்ட்டை சூடோவோட ஓட்டுறது

ரூட் யூசருக்கெண்டு (அட்மினுக்கெண்டு) வேற ஒரு ரூட் சேர்ட்டிபிக்கேற் உருவாகும். வேண்டாம்.

கேர்ள் ஓடினா எல்லாம் சரியெண்டு நினைக்கிறது

கேர்ள் எண்டது ரேர்மினலில இருந்து வெப்சைற்றைக் கூப்பிடுற கட்டளை, அது சிஸ்டத்தின்ர ரூட் பட்டியலைப் பாக்கும். பயர்பொக்ஸ் தன்ர பட்டியலை வைச்சிருக்கு, உபுண்டுவில குரோம் ஹோமுக்குள்ள இருக்கிற என்எஸ்எஸ் எண்ட சேர்ட்டிபிக்கேற் டேட்டாபேஸைப் பாக்கும், ஜாவாவுக்கு சிஏசேர்ட்ஸ் எண்ட பட்டியல், பைதன் ரிக்குவெஸ்ட்ஸுக்கு சேர்ட்டிபை எண்ட பட்டியல், நோடுக்கு நோட் எக்ஸ்ட்ரா சிஏ சேர்ட்ஸ் எண்ட வேரியபிள் வைக்கவேணும். எது கத்துதோ அதுக்குத் தனியச் சொல்லுங்கோ. கோபத்தில வெரிபையை போல்ஸ் ஆக்கி, அதாவது சேர்ட்டிபிக்கேற் செக்கையே நிப்பாட்டிப்போட்டு, அதையே புரொடக்ஷனுக்கு அனுப்பிற ஆக்களும் இருக்கினம்.

பெரிய பண்டில் பைலைக் கையால திருத்துறது

சிஸ்டம் எல்லா ரூட்டையும் ஒண்டாச் சேர்த்து வைச்சிருக்கிற பைல் அது, நீங்கள் எழுதினது அடுத்த அப்டேற்றோட அழிஞ்சுபோகும்.

கொமன் நேம் மட்டும் போடுறது

கொமன் நேம் எண்டது சேர்ட்டிபிக்கேற்றில சைற்றின்ர பேர் எழுதுற பழைய இடம், குரோம் 58 வந்த 2017இல இருந்து குரோம் அதைப் பாக்கிறேல்லை. சப்ஜெக்ட் ஆல்டர்னேட்டிவ் நேமில பேரைப் போடுங்கோ, ஐபியால போறதெண்டா ஐபியையும்.