மெலனோமாவுக்கு எதிர்ப்பொருள் மருந்தைக் கண்டறியும் முறை

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு எதிர்ப்பொருள் தேட முனைபவர், ஆய்வகத்தில் எதையும் தொடங்கும் முன் இலக்கை முடிவு செய்துகொள்ள வேண்டும். எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும், ஏறத்தாழ 150 கிலோடால்டன் எடையுள்ள பெரிய புரதம். செல்லின் உட்புறத்துக்கு அது தானாகச் சென்று வேலை செய்யாது. ஆகவே, ஏறத்தாழ பாதி மெலனோமாக்களில் மாற்றமடைந்து காணப்படும் பிராஃப் புரதம், செல்லுக்குள் இருப்பதால், சிறு மூலக்கூறு மருந்துகளுக்கே உரிய இலக்காகும். புற்றுச்செல்லின் மேற்பரப்புப் புரதத்தைத் தாக்கலாம். அல்லது நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களின் மேலிருந்து அவற்றை அடக்கிவைக்கும் தடுப்பு ஏற்பிகளை மறித்து, டி செல்களின் தளையை நீக்கலாம். பெரும் பலன் தந்தது பின்னதுதான். சிடிஎல்ஏ-4 ஏற்பியை மறிக்கும் இபிலிமுமாப் 2011இலும், பிடி-1 ஏற்பியை மறிக்கும் பெம்புரோலிசுமாபும் நிவோலுமாபும் 2014இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

இலக்குப் புரதத்தின் செல்வெளிப் பகுதியைப் பாலூட்டிச் செல்களில் உற்பத்தி செய்வது நல்லது. மடிப்பு குலைந்த புரதத்தைக் கொண்டு தேடினால், உடலுக்குள் எதையும் பற்றாத எதிர்ப்பொருள்களே கிடைக்கும். அடுத்து, எலிக்குத் தடுப்பூசிபோல அதைச் செலுத்தி, கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் வெளியிட்ட, எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லைப் புற்றுச்செல்லுடன் இணைத்துத் தொடர்ந்து வளர்க்கும் ஹைப்ரிடோமா முறையைக் கையாளலாம். மனித எதிர்ப்பொருள் மரபணுக்களைச் சுமக்கும் எலிகளைப் பயன்படுத்தினால், எலி எதிர்ப்பொருளைப் பின்னர் மனித எதிர்ப்பொருளை ஒத்ததாக மாற்றும் வேலை மிச்சமாகும். பேஜ் வைரஸ்களின் மேல் பலவகை எதிர்ப்பொருள் துண்டுகளை ஏந்திய பேஜ் நூலகத்திலிருந்து மூன்று நான்கு சுற்றுகளில் வடித்தெடுப்பது மற்றொரு வழி. எவ்வழியாயினும், ஒத்த புரதங்களைப் பற்றுபவற்றை முதலிலேயே கழித்துவிட வேண்டும்: சிடிஎல்ஏ-4 ஐத் தேடுபவர், அதே துணைப் புரதங்களுடன் இணைந்து டி செல்களைத் தூண்டும் சிடி28 ஐப் பற்றுபவற்றை விலக்காவிட்டால், எதிர்விளைவையே அறுவடை செய்ய நேரும்.

பலரும் தடுமாறுவது சலித்தெடுக்கும் கட்டத்தில்தான். பற்றுதலை நிறமாற்றத்தால் காட்டும் எலைசா சோதனைத் தட்டில் பளிச்சென்று நிறம் காட்டும் எதிர்ப்பொருள் மருந்தாகிவிடாது. இலக்கைத் தாங்கிய செல்களிலும், அந்த மரபணு நீக்கப்பட்ட அதே வகைச் செல்களிலும் பற்றுதலை ஒப்பிட வேண்டும். ஏற்பியும் அதன் துணைப் புரதமும் இணைவது தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் மனித டி செல்களை அவற்றைத் தூண்டக்கூடிய வேற்றொருவரின் டென்ட்ரிடிக் செல்களுடன் வளர்த்து, டி செல்கள் விழித்ததன் அடையாளமான இன்டர்ஃபெரான் காமா சுரப்பு கூடுகிறதா என அளக்க வேண்டும். என் கருத்தில், பற்றுவலிமையை மெருகேற்றுவதற்கு முன்பே இச்செயற்சோதனையைச் செய்துவிடுவது காலத்தை மிச்சப்படுத்தும்.

எதிர்ப்பொருளின் வால்பகுதியும் கவனத்துக்குரியது. புற்றுச்செல்லை நேரடியாகக் கொல்ல பிற நோயெதிர்ப்புச் செல்களை வலுவாக அழைக்கும் ஐஜிஜி1 என்ற வகை பொருந்தும். பிடி-1 ஐத் தாங்கிய டி செல்களோ காக்கப்பட வேண்டியவை என்பதால் அங்கு அவ்வியல்பு குறைந்த ஐஜிஜி4 வகையே தேர்வானது. அவ்வகையின் இரு பாதிகளும் பிரிந்து வேறொன்றுடன் சேரும் இயல்புடையவை. 228ஆம் இடத்திலுள்ள செரைனைப் புரோலினாக மாற்றினால் அது அடங்கும்.

மனிதப் பிடி-1 ஐப் பற்றும் எதிர்ப்பொருள் எலியின் பிடி-1 ஐப் பெரும்பாலும் பற்றாது. ஆதலால் மனித மரபணு பொருத்தப்பட்ட எலிகளோ, எலிக்கென்றே செய்த மாற்று எதிர்ப்பொருளோ தேவைப்படும். விலங்குச் சோதனையை மட்டும் நம்பவும் கூடாது. குரங்குகள் தாங்கிக்கொண்ட டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருள், 2006இல் லண்டனில் ஆறு தன்னார்வலர்களைக் நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதங்கள் கட்டுமீறிச் சுரக்கும் கடுமையான சைட்டோகைன் புயலில் தள்ளியது. எனவே மனித இரத்தச் செல்களில் சைட்டோகைன் சுரப்பைச் சோதித்து, விளைவு தென்படத் தொடங்கும் மிகக் குறைந்த செறிவிலிருந்தே முதல் மனித அளவைக் கணக்கிட வேண்டும்.