முதல் ஃபிஃப்த் வீல் வாங்கப் போறீங்களா, முதல்ல உங்க டிரக் கதவத் திறந்து பாருங்க

ஃபிஃப்த் வீல்னா பிக்கப் டிரக்கோட முதுகுல மாட்டி இழுத்துட்டுப் போற பெரிய வீட்டு டிரெய்லர். ஆர்வி ஷோவுக்கு, அதாவது இந்த மாதிரி வீட்டு வண்டிங்க கண்காட்சிக்குப் போனா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும். படியேறி உள்ள போவீங்க, சோபா இருக்கும், நடுவுல ஐலண்ட் போட்ட கிச்சன் இருக்கும், பசங்க அதுக்குள்ள பங்க் பெட்ல ஏறி மேல்பெட் யாருக்குன்னு சண்டைய ஆரம்பிச்சிருப்பாங்க, வீட்டுக்காரர் மூஞ்சில ஒரு அசட்டுச் சிரிப்பு வரும், அவ்ளோதான், மனசுக்குள்ள வாங்கியாச்சு. நாங்களும் அப்படித்தான் டல்லாஸ் பக்கத்துல ஒரு டீலர்கிட்ட போய் உக்காந்தோம். "எங்ககிட்ட முக்கால் டன் டீசல் டிரக் இருக்கு, இது இழுக்குமா"ன்னு இவர் கேட்டாரு. சேல்ஸ் பண்ற ஆளு டிரக்க எட்டிக்கூடப் பாக்கல, தாராளமா இழுக்கும் சார்னுட்டாரு. (அரை டன், முக்கால் டன், ஒரு டன்ங்கறது டிரக் சைஸுக்குச் சொல்ற பேர்தான், நிஜமா ஏத்தக்கூடிய எடை இல்ல.)

அவர் சொன்னது பொய்யும் இல்ல. இழுக்கும்தான். ஆனா இழுக்கறது வேற, சுமக்கறது வேற. சாதா டிராவல் டிரெய்லர் டிரக்குக்குப் பின்னாடி பம்பர் பக்கம் மாட்டறது, அது தன் எடையில பத்துலேர்ந்து பதினஞ்சு சதவீதத்த டிரக் மேல வைக்கும். ஃபிஃப்த் வீல் டிரக் பெட்டுக்குள்ளயே, அதாவது பின்னாடி சாமான் ஏத்தற தொட்டிக்குள்ளயே, பின்சக்கர ஆக்ஸில் மேல இருக்கற ஹிட்ச்ங்கற மாட்டற கருவில வந்து உக்காருது, அதனாலதான் லாரி ஓவர்டேக் பண்ணும்போது அவ்வளவா வால் ஆட்டாது, ஆனா அதுக்குக் கூலியா தன் எடையில இருபதுலேர்ந்து இருபத்தஞ்சு சதவீதம் வரைக்கும் டிரக் முதுகுல ஏத்திடும். இதுதான் பின் (pin) வெயிட், ஹிட்ச்ல மாட்டற டிரெய்லரோட ஆணி வழியா டிரக் மேல இறங்கற எடை. பிரோஷர்ல போட்டிருக்கற பின் வெயிட் காலி டிரெய்லரோடது, அத நம்பாதீங்க. டிரெய்லரோட ஜிவிடபிள்யூஆர், அதாவது முழுசா ரொப்பின அதிகபட்ச எடை, அத எடுத்து 22 சதவீதம் போட்டுப் பாருங்க.

இப்ப டிரக்குக்கு வாங்க. டிரைவர் கதவத் திறந்தா கதவு நிலையில ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேத்து இத்தன பவுண்டுக்கு மேல ஏத்தாதேன்னு போட்டிருக்கும். அதுதான் உங்க டிரக்கோட பேலோட், அந்த ஒரே டிரக்குக்கான நம்பர், நெட்ல அதே மாடலுக்குப் பாக்கற நம்பர் இல்ல. எங்க ஸ்டிக்கர்ல 2,130 பவுண்டு. நாங்க ஆசப்பட்ட டிரெய்லர் 12,000 பவுண்டு, 22 சதவீதம்னா 2,640. அதுக்கு மேல ஹிட்ச் ஒரு 150, நாங்க நாலு பேர் 520, டூல் பாக்ஸ் ஒரு 100. கூட்டினா 3,410. எந்தக் கணக்குலயும் ஒத்து வரல. டீசல் எஞ்சினே கனம், அதனால முக்கால் டன் டீசல்ல பேலோட் பாத்தா பல சமயம் ஏமாத்தமாத்தான் இருக்கும். அரை டன் டிரக்னா சொல்லவே வேணாம், நிறைய டிரக்குக்கு ஸ்டிக்கர் 1,500லேர்ந்து 2,000க்குள்ளதான் நிக்கும், சின்ன ஃபிஃப்த் வீல்கூட இடிக்கும்.

அன்னிக்கு ராத்திரி இந்தக் கணக்க ஒரு பேப்பர்ல போட்டு நான் டைனிங் டேபிள்ல வச்சேன், இவர் ரெண்டு நாள் எங்கிட்ட சரியா பேசல. கடைசியில 8,900 பவுண்டு ஜிவிடபிள்யூஆர் உள்ள ஒரு சின்ன டிரெய்லரும், டிரக்க மாத்தி ஒரு டன் டிரக்கும் வாங்கினோம். பெரிய டிரெய்லர்தான் வேணும்னா, முதல்ல ஒரு டன் டிரக், ரொம்பப் பெருசுன்னா பின்னாடி நாலு சக்கரம் இருக்கற டூவலி, அப்புறம்தான் டிரெய்லர். வாங்கினப்புறம் தண்ணி, துணி, சாமான் எல்லாம் ஏத்திட்டு ஹைவே டிரக் ஸ்டாப்ல இருக்கற கேட் (CAT) ஸ்கேல்ங்கற எடை மேடைல ஒருதடவ எடை போட்டுப் பாருங்க, ஆக்ஸில் வாரியா சீட்டு அடிச்சுக் குடுப்பாங்க.

டிரக் பெட் நீளமும் பாருங்க. எட்டடி பெட்னா கவலையில்ல. ஆறரை அடின்னா பெரும்பாலும் ஓடிடும், ஆனா ரிவர்ஸ்ல டைட்டா திருப்பும்போது டிரெய்லர் மூக்கு கேபின் பின்கண்ணாடிய முத்தம் குடுக்க வரும், அதுக்கு பின்னாடி நகர்ற ஸ்லைடர் ஹிட்ச் இருக்கு. அஞ்சரை அடின்னா ரொம்ப யோசிக்கணும். லைசென்ஸ் விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டெக்ஸஸ்ல டிரெய்லர் 10,000க்கு மேல, டிரக்கும் டிரெய்லரும் சேந்து 26,000 பவுண்ட தாண்டினா கமர்ஷியல் இல்லாத கிளாஸ் ஏ லைசென்ஸ் எடுக்கணும், பெரிய டிரெய்லர்காரங்க இத மறந்துடறாங்க.

சரி, இப்ப டிரெய்லருக்குள்ள போலாம். ஷோரூம்ல எல்லா ஸ்லைடும், அதாவது சுவரோட சேந்து வெளிய நீளற அறைப்பகுதி எல்லாத்தையும், வெளிய தள்ளி, லைட் எல்லாம் போட்டு அரண்மனை மாதிரி வச்சிருப்பாங்க. ஸ்லைட உள்ள இழுக்கச் சொல்லுங்க. கொஞ்சம் முனகுவாங்க, விடாதீங்க. ஹைவே ரெஸ்ட் ஏரியாவுல நின்னு சின்னவன பாத்ரூம் கூட்டிட்டுப் போகணும்னா ஸ்லைட் மூடின நிலையிலதான் போகணும். எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்த ஒரு மாடல்ல ஸ்லைட உள்ள இழுத்தா ஐலண்டு ஃப்ரிட்ஜ் மேல போய் ஒட்டிக்குது, ஃப்ரிட்ஜ் கதவு நாலு விரக்கடைதான் திறக்குது, தயிர் டப்பாவ எடுக்கக்கூட முடியாது. அங்கயே வேணாம்னுட்டோம். மூடின நிலையில பாத்ரூமுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஒரு படுக்கைக்கும் போக முடிஞ்சா போதும்.

அப்புறம் ஒரு மணி நேரம் சும்மா உள்ள வாழ்ந்து பாருங்க. ஷவர்ல நில்லுங்க, டாய்லெட்ல உக்காந்து முட்டி எங்க இடிக்குதுன்னு பாருங்க, அடுப்பு முன்னாடி நின்னு தாளிக்கற மாதிரி கையக் கால ஆட்டிப் பாருங்க. நம்ம வீட்டுச் சமையலுக்கு நான் முக்கியமாப் பாக்கறது அடுப்புக்கு மேல இருக்கற ஃபேன் காத்த வெளிய தள்ளுதா, இல்ல அதே புகைய ஃபில்டர் வழியா திரும்ப மூஞ்சிலயே விடுதான்னு. வெளிய போய் அடுப்பு இருக்கற சுவரப் பாருங்க, ஒரு சின்ன மூடி இருக்கும், ஓடும்போது ஆடாம இருக்க ரெண்டு பக்கமும் சின்னக் கொண்டி மாதிரி இருக்கும், அத விடுவிக்கலன்னா ஃபேன் எவ்ளோ கத்தினாலும் புகை வெளிய போகாது. நாங்க முதல் டிரிப் முழுக்க அத மூடியே வச்சிருந்தோம், காஞ்ச மிளகாய் வறுத்த அன்னிக்கு ஸ்மோக் அலாரம் அடிச்சு பக்கத்து சைட்காரர் ஓடி வந்துட்டாரு. கூரையில காத்த இழுக்கற ஃபேன் ஒண்ணு கிச்சன் பக்கம் இருந்தா இன்னும் நல்லது.

கரண்டு. 30 ஆம்ப் டிரெய்லர்னா மொத்தமே 3,600 வாட்தான். ஏசி ஓடினா 1,500 சொச்சம், இண்டக்ஷன் அடுப்பு 1,800, தண்ணி சூடாக்கற ஹீட்டரையும் கரண்டுல போட்டா டப்புனு பிரேக்கர் விழும். 50 ஆம்ப்னா 12,000 வாட், ரெண்டு ஏசி, மிக்ஸி, ரைஸ் குக்கர் எதப்பத்தியும் யோசிக்க வேணாம். டெக்ஸஸ் வெயிலுக்கு 50 ஆம்ப் எடுங்கன்னுதான் சொல்லுவேன். "லித்தியம் பேட்டரி போட்டிருக்கு, ஏசியே ஓடும்"னு யாராவது சொன்னா, 100 ஆம்ப் ஹவர் பேட்டரில இருக்கறது சுமார் 1,280 வாட் ஹவர், அதுல ஏசி ஒரு மணி நேரம்கூட தாங்காது.

தண்ணி ஒரு காலன் 8.3 பவுண்டு கனம். 60 காலன் டாங்க ரொப்பினா 500 பவுண்டு அங்கயே போச்சு. உள்ள வாசப்பக்கம் இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும், டிரெய்லர்ல எவ்ளோ சாமான் ஏத்தலாம்னு, சில பெரிய டிரெய்லர்லகூட அது 1,500தான் இருக்கும், வெளிய பாக்க பங்களாவா இருக்கும். டாய்லெட் கழிவு போற பிளாக் டாங்க கழுவற ஃப்ளஷ் கனெக்‌ஷன் கண்டிப்பா இருக்கணும். கேம்ப்ல சாக்கடைக் குழாய் மாட்டி ஹூக்கப்ல நிக்கும்போது பிளாக் வால்வ திறந்தே வைக்காதீங்க, தண்ணி ஓடிப்போய் கெட்டி மட்டும் தங்கி மேடாயிடும், மேல நான் விவரிக்கல. காலி பண்ணும்போது முதல்ல பிளாக், அப்புறம் ஷவர், சிங்க் தண்ணி போற கிரே, அந்த சோப்புத் தண்ணி ஹோஸக் கழுவிடும்.

காசு குடுத்து வாங்கலாம்னு நான் சொல்றது ஆட்டோ லெவலிங், ஒரு பட்டன்ல டிரெய்லர் நேரா நிக்கும், ராத்திரி மழையில வந்து சேந்தா அதோட அருமை புரியும். எலக்ட்ரிக் ஃபயர்ப்ளேஸ், வெளிப்பக்க டிவி எல்லாம் ஷோரூம் அலங்காரம். "ஃபோர் சீசன்", "ஆர்க்டிக்"னு ஒட்டியிருக்கறதுக்குப் பொதுவான அளவுகோல் ஒண்ணும் கிடையாது, அடிப்பக்கம் மூடியிருக்கா, டாங்குக்கு சூடான காத்து போகுதான்னு கேளுங்க.

பழசு வாங்கறீங்கன்னா எதிரி தண்ணி. ஸ்லைட் மூலை, ஷவர் வாசல், பெட்ரூம் மூக்குப் பக்கம் கால வச்சு அமுக்குங்க, மெத்துனு போச்சுன்னா திரும்பி வந்துடுங்க. வெளிச் சுவர்ல சைடுலேர்ந்து பாத்தா கொப்பளம் மாதிரி தெரிஞ்சாலும் அதே கதைதான். டயர்ல டாட் (DOT)னு ஆரம்பிக்கற நம்பரோட கடைசி நாலு இலக்கம் தேதி, 2319னா 2019ல 23ஆவது வாரம், பட்டன் பளபளன்னு இருந்தாலும் அஞ்சாறு வருஷம் தாண்டினா மாத்தற காசையும் விலையிலயே பேசுங்க. என்ஆர்விஐஏங்கற ஆர்வி இன்ஸ்பெக்டர் சங்கத்தோட சர்ட்டிஃபிகேட் இருக்கற தனி இன்ஸ்பெக்டர வச்சுப் பாக்கறது புதுசுக்கும் நல்லதுதான், புதுசுலயும் நட்டு போல்ட் லூசாத்தான் வரும். இண்டியானாவுல எல்க்ஹார்ட் சுத்துவட்டாரத்துலதான் இங்க ஓடற ஆர்வில பெரும்பாலானது செய்யறாங்க, கீஸ்டோன், ஜேகோ பிராண்டுங்க தோர் கம்பெனி கையில, கிராண்ட் டிசைன் வின்னபேகோ கம்பெனி கையில, அதனால பிராண்டுக்காக சண்ட போடாதீங்க, அந்த ஒரு டிரெய்லர் எப்படிக் கட்டியிருக்குன்னு பாருங்க. விலையில, டீலர் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் விலையிலேர்ந்து 25, 30 சதவீதம் குறைச்சுக் கேக்கறது சகஜம், கூச்சப்படாதீங்க. "மாசத்துக்கு இவ்ளோதான்"னு ஆரம்பிச்சாங்கன்னா எத்தன வருஷம்னு கேளுங்க, 20 வருஷம்னு வரும், டிரெய்லர் அதுவரைக்கும் இருக்குமான்னு தெரியாது.

உயரத்த அளந்து ஒரு சீட்டுல எழுதி டாஷ்போர்டுல ஒட்டுங்க, ஃபிஃப்த் வீல் பலதும் 13 அடியத் தொடும். நார்த் கரோலினா டர்ஹம்ல ஒரு ரயில் பாலம் லாரிக் கூரைய உரிக்கறதுக்குன்னே ஃபேமஸ், 2019ல தூக்கி 12 அடி 4 அங்குலம் ஆக்கினாங்க, இன்னும் உரிக்குது.

மாட்டும்போது ஒரே ஒரு வேல: ஹிட்ச் தாடை மூடினதும் டிரெய்லரோட முன்கால தரைய விட்டு எடுக்காம, டிரக்குக்குள்ள இருக்கற டிரெய்லர் பிரேக் கன்ட்ரோல கையால அமுக்கிப் பிடிச்சு டிரக்க லேசா முன்னாடி இழுத்துப் பாருங்க. சரியா மாட்டலன்னா இங்கயே தெரிஞ்சுடும், இல்லன்னா தெருமுனையில மொத்த டிரெய்லரும் பெட் சுவர் மேல விழும். அப்புறம் கழட்டும்போது டெய்ல்கேட்ட இறக்கிட்டு டிரக்க முன்னாடி எடுங்க. எங்க டெய்ல்கேட் நடுவுல ஒரு நெளிசல் இருக்கும், என்னாச்சுன்னு யாராவது கேட்டா பசங்க ரெண்டும் ஒண்ணா அப்பாவக் கைகாட்டும்.