கார் கூரைக்கு சி சேனல்: எங்கே சறுக்குகிறது

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்தவர்கள் வீட்டு முன்னால் முதலில் போடுவது கார் நிற்க ஒரு கூரை. அதற்குச் சி சேனல், அதாவது நடுவில் ஒரு தகடும் இரு ஓரத்தில் விளிம்பும் உள்ள C வடிவ இரும்பு, வாங்கும்போது எல்லாரும் விலையைத்தான் கேட்கிறார்கள். அதை எந்தப் பக்கமாக நிறுத்துவது என்று கேட்பவர் குறைவு.

100க்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள கனத்த சேனல், மீட்டருக்கு 9.36 கிலோ. நடுத்தகடு செங்குத்தாக நின்றால் வளைவை எதிர்க்கும் அதன் நிலைமத் திருப்புத்திறன் சுமார் 188 செ.மீ⁴, படுக்க வைத்தால் 26தான். அதே இரும்பு, அதே காசு, ஆனால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு. "படுக்க வெச்சா தகரம் அடிக்கச் சுலபம்ணே" என்று வெல்டர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள்.

சரி, நிமிர்த்தி வைத்தாயிற்று. அப்போதும் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பக்கம் வாய் திறந்த இரும்பு இது; சுமை முறுக்காமல் இறங்க வேண்டிய புள்ளி நடுத்தகட்டின் முதுகுக்கு வெளியே, வெறும் காற்றில் இருக்கிறது. அதனால் மேல் விளிம்பில் பாரம் ஏறினால் சேனல் தொய்வதோடு முறுக்கிக்கொள்ளவும் பார்க்கும். சாய்வான கூரையில் வாய் மேட்டுப் பக்கம், கூரை உச்சியைப் பார்த்து இருக்கட்டும். பாரம் அந்தப் புள்ளிக்குக் கிட்டே இறங்கும், முறுக்கு குறையும். பள்ளத்தைப் பார்த்து மாட்டிய கூரைகள்தான் நம் ஊரில் கண்ணில் படுகின்றன. தூணுக்கு இரண்டு சேனல்களை வாயோடு வாய் வைத்து வெல்டிங் செய்து பெட்டியாக்கினால் முறுக்கை நன்றாகத் தாங்கும்.

ஹார்ட்வேர் கடையில் இன்னொரு குழப்பம். "நாலுக்கு ரெண்டு சி சேனல்" (அங்குலக் கணக்கு) என்றால் கனத்ததும் வரலாம், தகட்டை மடித்து ஓரத்தில் உதடு வைத்த மெல்லியதும் வரலாம். 2.3 மில்லி தகட்டில் செய்தது மீட்டருக்கு 4.06 கிலோதான். கூரைத் தகரம் தாங்க அது தாராளம். அதிலேயே சங்கிலியால் பாரம் தூக்கும் செயின் பிளாக் மாட்டி டிராக்டர் இன்ஜின் தூக்குகிறார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

தூண் இடைவெளியை 3 மீட்டரிலிருந்து 6 ஆக்கினால் தொய்வும் இரட்டிப்பாகும் என்று நினைப்பதும் தவறு. மீட்டருக்கு அதே பாரம் இருந்தால் 16 மடங்கு தொய்யும். குழாய் போக வேண்டுமா? நடுத்தகட்டின் பாதி உயரத்தில் துளை போடுங்கள். விளிம்பை மட்டும் வெட்டாதீர்கள், பலமே அங்கேதான்.

அப்புறம் துரு. துத்தநாகம் பூசிய சேனலை வெல்டிங் செய்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்து போகும். கிளம்பும் வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரலாம். வெல்டிங் செய்த இடத்தைத் தேய்த்துத் துத்தநாகப் பெயின்ட் அடியுங்கள். செம்பனைக்கு வாங்கிய பொட்டாஷ் உர மூட்டையைத் தூணோடு சாய்த்து வைக்காதீர்கள். அதிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் தூணின் அடிதான் முதலில் போகும்.