மாரிக்கு நிறுத்திவைக்கும் லீசிங் கார்

ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் வன்னி ஒழுங்கைகள் சேறாகிவிடும். சிலர் காரைத் தை வரைக்கும் கொட்டிலிலேயே விட்டுவிடுவார்கள். ஓடாத காருக்கு முழுக் காப்புறுதி எதற்கு, மூன்றாந்தரப்புக்கு மாற்றலாமே என்று கேட்கிறார்கள். லீசிங், அதாவது கார் வாங்கிய தவணைக் கடன், முடியவில்லை என்றால் தயவுசெய்து மாற்றாதீர்கள். கடன் தீரும்வரை முழுக் காப்புறுதி வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி உங்கள் காரால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்குத்தான், உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கு ஒரு சதமும் தராது. கார் பழுதாகிப் போனாலும் தவணையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கனடாவில் பனிக்காலத்துக்குக் காரை மூடிவைக்கும் நம் சொந்தங்களும் கடன் இருந்தால் முதலில் கடன் கொடுத்தவரைக் கேட்க வேண்டும்.

சரி, முழுக் காப்புறுதி இருக்கிறது. வெள்ளம் அதில் அடங்குமா? 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியில் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. நிற்கிற காருக்குப் பெரிய ஆபத்து இதுதான். சில பொலிசிகளில் வெள்ளத்தையும் இயற்கை அனர்த்தத்தையும் தனியாகக் காசு கட்டித்தான் சேர்க்க வேண்டும். பொலிசியை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மழைக்கு முன்பே முகவரிடம் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். முடிவுத் திகதியையும் பாருங்கள், மாரி நடுவில் காலாவதியாகிவிடக் கூடாது.